வானிலிருந்து குண்டு போட்டுக் கிளர்ச்சியை அடக்க முடியுமா?

பருந்துப்பார்வை எழுதியது:

ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் கேள்வி. எந்த நாட்டில் ஆயுதக் குழு தலைதூக்கினாலும் இரண்டாம் நாளே யாராவது ஒருவர், "நாலு போர் விமானத்தை அனுப்பினால் கதை முடிந்தது" என்று ஆரம்பித்துவிடுகிறார். சரி, அப்படி முடிந்த கதை ஒன்றையாவது காட்டுங்கள். தரையில் ஆளே இல்லாமல், விமானப்படை மட்டும் போய் ஒரு கெரில்லா அமைப்பை ஒழித்தது என்று எங்காவது உண்டா?

நான் தேடியவரை இல்லை. லாவோஸைப் பாருங்கள். 1964 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்கள் அங்கே 5,80,000 முறை பறந்து 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டு கொட்டின. 1975-ல் ஆட்சிக்கு வந்தது யார்? அத்தனை குண்டையும் வாங்கிக்கொண்ட பத்தேட் லாவோ என்ற கம்யூனிஸ்ட் கெரில்லா அமைப்புதான். அன்று வெடிக்காமல் மண்ணுக்குள் போன கொத்துக்குண்டுகள் இன்றும் வயலில் மண்வெட்டி போடுபவரின் கையைக் காலை எடுத்துக்கொண்டிருக்கின்றன.

மறுப்பவர்கள் தாராளமாக வாருங்கள். "இப்போது தொழில்நுட்பம் வளர்ந்துவிட்டது" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாமல், இடமும் வருடமும் சொல்லிப் பேசுங்கள்.

ரேடார்67 எழுதியது:

இடம் சோமாலிலாந்து, வருடம் 1920. போதுமா?

சோமாலிக் கிளர்ச்சித் தலைவர் முகமது அப்துல்லா ஹசன் 20 வருடம் பிரிட்டிஷாருக்குத் தண்ணி காட்டினார். படையெடுப்புக்கு மேல் படையெடுப்பு, ஒன்றும் பலிக்கவில்லை. 1920 ஜனவரியில் 12 டிஹெச்-9 விமானங்கள் போயின. மூன்று வாரத்தில் கோட்டைகள் காலி, அவர் ஓகாடன் பக்கம் ஓடினார், ஒரு வருடத்துக்குள் நோயில் இறந்தார்.

2001 ஆப்கானிஸ்தானும் உண்டு. சில நூறு அமெரிக்கர்கள்தான் தரையில் இருந்தார்கள். குதிரை மேல் உட்கார்ந்துகொண்டு லேசரால் இலக்கைக் காட்டினார்கள், மேலிருந்து பி-52 குண்டுவீச்சு விமானம் போட்டது. நவம்பர் 9-ல் மசார்-இ-ஷெரீஃப், 13-ல் காபூல், இரண்டும் தாலிபான் கையை விட்டுப் போயின. ஆக, கேள்வியிலேயே பதிலைத் தீர்மானித்துவிட்டு வந்திருக்கிறீர்கள் பருந்து சார்.

ஓலைச்சுவடி எழுதியது:

ரேடார் தம்பி, சோமாலிலாந்துக் கதையில் பாதியை விட்டுவிட்டீர்கள். அந்த 12 விமானங்களோடு ஒட்டகப் படையும் போனது. ஹசனின் தலே கோட்டையைப் பிடித்தது அந்த ஒட்டகப் படை. விமானம் கலைத்துவிட்டது, ஒட்டகத்தில் வந்தவன் துரத்திப் பிடித்தான். ஆனால் லண்டனுக்குப் போன செய்தியில் ஒட்டகம் காணாமல் போய்விட்டது, விமானம் மட்டும் மிஞ்சியது.

அது காணாமல் போனதற்குக் காரணம் உண்டு. முதல் உலகப் போர் முடிந்து பிரிட்டிஷ் கஜானா காலி. புதிதாகப் பிறந்த விமானப்படையைக் கலைத்துத் தரைப்படைக்கும் கடற்படைக்கும் பிரித்துக் கொடுத்துவிடலாம் என்று பேச்சு. "குறைந்த செலவில் காலனியை அடக்கித் தருகிறோம்" என்று விமானப்படையினர் கடை விரித்தார்கள். 1921 கெய்ரோ மாநாட்டில் சர்ச்சில் அதை வாங்கினார். 1922 அக்டோபரில் ஈராக்கின் பாதுகாப்புப் பொறுப்பே விமானப்படையின் கைக்குப் போனது.

செலவு உண்மையாகவே குறைந்தது, அதை மறுக்கவில்லை. அடங்கியதா என்று கேட்டால், ஈராக்கின் சுலைமானியாவில் தன்னை குர்திஸ்தான் மன்னர் என்று அறிவித்துக்கொண்ட ஷேக் மஹ்மூதைப் பாருங்கள். ஊர் மேல் குண்டு விழும், அவர் மலைக்குப் போவார், விமானம் திரும்பிப் போனதும் இறங்கி வருவார். அவர் சரணடைந்தது 1931-ல். அத்தனை வருடமும் தரையில் அசிரியக் கூலிப்படையும் கவச வண்டிகளும் வேலை செய்துகொண்டுதான் இருந்தன.

ஒரு கொசுறு. அந்த நாட்களில் ஈராக்கில் பறந்த அதிகாரிகளில் ஒருவர் ஆர்தர் ஹாரிஸ். பின்னாளில் ஜெர்மன் நகரங்களைக் கொளுத்தியவர் அவர்தான். பழகிய இடம் இது.

ரேடார்67 எழுதியது:

சரி ஐயா, ஒட்டகத்தை ஒத்துக்கொள்கிறேன். :)

ஆனால் "விமானம் மட்டும்" என்பது யாருமே வைக்காத வாதம். எந்த விமானப்படைத் தளபதியும் தரைப்படை வேண்டாம் என்று சொன்னதில்லை. பொம்மையைக் கட்டி வைத்து அடிக்கிறீர்கள்.

பருந்துப்பார்வை எழுதியது:

யாருமே வைக்காத வாதமா? 2006 லெபனான் போரை மறந்துவிட்டீர்களே. இஸ்ரேலின் தலைமைத் தளபதி டான் ஹலூட்ஸ், விமானப்படையிலிருந்து அந்தப் பதவிக்கு வந்த முதல் ஆள். ஜூலை 12-ல் போர் தொடங்கியது. ஹிஸ்புல்லாவின் தொலைதூர ராக்கெட்டுகளை முதல் இரவிலேயே அள்ளிவிட்டார்கள், அது அசாத்தியமான உளவு வேலைதான். ஆனால் ஒரு ஆள் தோளில் தூக்கிப் போய் வாழைத்தோப்பில் நட்டு வைத்துவிட்டு நடையைக் கட்டும் சின்ன கத்யூஷா ராக்கெட் இருக்கிறதே, அதை என்ன செய்வது? 34 நாளில் ஏறக்குறைய 4,000 ராக்கெட் வந்து விழுந்தது, கடைசி நாள் வரை வந்தது. தரைப்படையைப் பெரிய அளவில் இறக்குவதா வேண்டாமா என்று தயங்கித் தயங்கி, போர் முடியப்போகும் நேரத்தில் இறக்கினார்கள். அதற்காக அந்தப் போரை விசாரித்த வினோகிராட் ஆணையம் கிழித்துத் தொங்கவிட்டது. ஹலூட்ஸ் 2007 ஜனவரியில் ராஜினாமா.

பொம்மைக்கு ராணுவச் சீருடை போட்டு நிஜத்திலேயே உட்காரவைத்திருந்தார்கள் சார்.

சும்மாஒருத்தன் எழுதியது:

ஒரு லட்ச ரூபாய் ராக்கெட்டை அடிக்க ஒரு கோடி ரூபாய்க் குண்டு. இதில் யார் யாரை அடக்குகிறார்கள் என்பதே சந்தேகம். சும்மா சொன்னேன், நீங்கள் தொடருங்கள்.

வன்னிக்காடு எழுதியது:

நீங்கள் எல்லாரும் மேலேயிருந்து கதைக்கிறீர்கள். நான் கீழேயிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

இலங்கையின் வன்னியில் எங்கள் ஊரில் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் விமானங்களின் பெயர் தெரியும். சகடை என்பது பாரமான விமானம், ஆறுதலாக வரும், நடந்துபோய் பங்கருக்குள் இறங்கலாம். ஹெலி என்றால் அதன் சத்தம் நெடுந்தூரத்திலேயே கேட்கும். கிபிர் ஜெட் அப்படியில்லை. அது தலைக்கு மேலால் போன பிறகுதான் சத்தமே வரும். முதல் தரம் வந்து பார்த்துவிட்டுப் போகும், இரண்டாம் தரம் பதிந்து குண்டு போடும். அந்த இரண்டுக்கும் இடையில் உங்களிடம் இருப்பது ஒரு நிமிடமோ என்னவோ. எங்கள் வீட்டு பங்கர் 'எல்' வடிவம், மேலே பனங்குற்றி, அதற்கு மேலே மண்மூட்டை. நேராக வெட்டினால் வாசலால் சிதறல் உள்ளே வரும், அதனால்தான் வளைத்து வெட்டுவது. அம்மா அடுப்பில் இருந்த சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டுத்தான் ஓடிவருவா. ஏன் என்று கேட்டால், திரும்பி வந்தால் பசிக்குமே என்பா.

பிறகு வண்டு வந்தது. ஆளில்லா விமானத்தை நாங்கள் அப்படித்தான் சொல்லுவோம். நாள் முழுக்க மேலே நின்று இரையும். மின்பிறப்பாக்கிச் சத்தமும் அதுவும் ஒரே மாதிரி இருக்கும். பக்கத்து வீட்டில் மின்பிறப்பாக்கி போட்டால் கிழவிகள் வந்து நிறுத்தச் சொல்லிச் சண்டை பிடிப்பார்கள், வண்டு கேட்காமல் போய்விடும் என்று.

இதில் நீங்கள் விவாதிக்கும் விஷயத்துக்கு வருகிறேன். வண்டு வந்த பிறகு ஒன்று மாறியது. முன்பெல்லாம் திடலில் இருநூறு முந்நூறு பேர் பகலில் கூடுவார்கள், வாகனங்கள் வரிசையாகப் போகும். அது நின்றது. வாகனத்துக்குச் சேறு பூசி, முன்விளக்கில் கறுப்புத் தாள் ஒட்டி, இரவில்தான் ஓட்டம். வீரச்சாவு வீட்டில்கூடக் கூட்டம் சேர விடமாட்டார்கள். ரேடார் அண்ணாவுக்கு ஒரு புள்ளி தருகிறேன், எழுதிக்கொள்ளுங்கள்: விமானம் ஆட்களைச் சேரவிடாமல் செய்தது.

ஆனால் குண்டு விழுந்த இடத்துக்கு முதலில் வந்து எங்களை ஏற்றிக்கொண்டு போனது யாருடைய வாகனம் என்று நினைக்கிறீர்கள்? அடிக்கப்பட வேண்டியவர்கள் என்று சொல்லப்பட்டவர்களின் வாகனம்தான் வந்தது. அடித்தவர்கள் அறிக்கையில் வந்தார்கள். அந்த வயதில் ஒரு பொடியன் யார் பக்கம் போவான்? இதற்கு ராணுவக் கல்லூரியில் படிக்க வேண்டியதில்லை.

ஓலைச்சுவடி எழுதியது:

வன்னிக்காடு, எழுதியதற்கு நன்றி. இதற்குப் பிறகு நான் எழுதுவதெல்லாம் புத்தக வாசனை அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1995 ஜூலை 9-ல் யாழ்ப்பாணத்து நவாலி தேவாலயத்தில் இடம்பெயர்ந்து வந்து தங்கியிருந்தவர்கள் மேல் குண்டு விழுந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அதே வருடம் ஏப்ரல் கடைசியில் பலாலி விமானத் தளத்துக்குப் பக்கத்தில் அடுத்தடுத்த இரண்டு நாளில் இரண்டு ஆவ்ரோ விமானங்களைப் புலிகள் ஏவுகணையால் வீழ்த்தினார்கள். உலகம் முதலாவதை மனிதாபிமானப் பக்கத்திலும் இரண்டாவதை ராணுவப் பக்கத்திலும் படிக்கிறது. என்னைக் கேட்டால் இரண்டையும் ஒரே பக்கத்தில் படிக்க வேண்டும்.

ஆவ்ரோ குண்டுவீச்சு விமானம் அல்ல, படையினரை ஏற்றி இறக்குவது. குண்டு போடும் விமானம் ஒன்று போனால் இன்னொன்று வரும். சாமானும் ஆளும் ஏற்றும் விமானம் பறக்க முடியாமல் போனால், யாழ்ப்பாணத்தில் உட்கார்ந்திருக்கும் படைக்குக் கடலை விட்டால் வழி கிடையாது. அதனால்தான் அந்த இரண்டு ஏவுகணைகள் அவ்வளவு பேசப்பட்டன.

கணக்குப்பிள்ளை எழுதியது:

அப்பாடா, கடைசியில் ஒருவர் சுமை தூக்கும் விமானத்தைப் பற்றிப் பேசினார். இந்த மாதிரி விவாதங்களில் எல்லோருக்கும் குண்டுதான் கண்ணில் படுகிறது. கிளர்ச்சியை எதிர்க்கும் போரில் விமானப்படையின் முக்கால்வாசிப் பயன் குண்டில் இல்லை என்பது என் கட்சி.

மலாயாவில் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களை பிரிட்டிஷார் எதிர்த்த போரை எடுங்கள், 1948 முதல் 1960 வரை. லிங்கன் குண்டுவீச்சு விமானங்கள் காட்டின் மேல் டன் கணக்கில் கொட்டின. மரங்கள் செத்தன. வேலை செய்தது வேறு: ரோந்துப் படை வாரக்கணக்கில் காட்டுக்குள்ளேயே கிடக்க முடிந்தது, ஏனென்றால் அரிசியும் தோட்டாவும் பாராசூட்டில் வந்து விழுந்தன. காயம்பட்டவனை ஹெலிகாப்டர் தூக்கியது. ஒலிபெருக்கி கட்டிய விமானம் மேலே சுற்றிக்கொண்டு, சரணடைந்தால் என்ன கிடைக்கும் என்று சீன மொழியில் சொன்னது. கீழே பிரிக்ஸ் என்ற பிரிட்டிஷ் அதிகாரியின் திட்டத்தில் சுமார் 5 லட்சம் பேரைப் புதுக் கிராமங்களுக்குப் பெயர்த்து, காட்டுக்குப் போகும் அரிசியை அடைத்தார்கள். அது கொடுமையான திட்டம், ஆனால் போரின் போக்கை மாற்றியது அதுதான்.

இதற்கு நேர் எதிர்ப் பக்கம், ஆப்கானிஸ்தான் 2021. "தாலிபான் ஏன் இவ்வளவு வேகமாக வந்தது?" என்று கேட்பவர்கள் ஹெலிகாப்டர் பட்டறையில் தொடங்க வேண்டும். ஆப்கான் படையின் காவலரண்கள் நாடெங்கும் சிதறிக் கிடந்தன. சாலை தாலிபான் கையில். தோட்டா, ரொட்டி, காயம்பட்டவன், பிணம் எல்லாமே ஆகாய வழிதான். ரொம்ப நாளாக அவர்கள் ஓட்டியது ரஷ்ய எம்ஐ-17 ஹெலிகாப்டர். கரடுமுரடான வண்டி, அதன் பராமரிப்பில் பெரும்பகுதியை ஆப்கான் மெக்கானிக்குகளே பார்த்தார்கள். அதை எடுத்துவிட்டு அமெரிக்கா பிளாக் ஹாக்கைக் கொடுத்தது. அதற்குத் திருகாணி முடுக்குவதிலிருந்து ஒப்பந்த நிறுவனத்து ஆள் வேண்டும். 2021 கோடையில் அந்த ஆட்கள் ஊரைப் பார்க்கப் போனார்கள். விமானங்கள் ஒவ்வொன்றாகத் தரையில் நின்றன. இன்னொரு பக்கம் தாலிபான், விடுப்பில் வீட்டுக்கு வந்த விமானிகளைத் தேடிப்பிடித்துக் கொன்றது. பறக்கும்போது சுட முடியாதவனை வீட்டு வாசலில் சுடலாமே.

காயம்பட்டால் தூக்கிப் போக ஹெலிகாப்டர் வராது என்று தெரிந்த சிப்பாய் எத்தனை நாள் காவலரணில் நிற்பான்? ஆகஸ்ட் 15-ல் காபூல் போனது.

ரேடார்67 எழுதியது:

கணக்குப்பிள்ளை அண்ணா, நீங்கள் எனக்காகவே வாதாடிவிட்டீர்கள். விமானப்படையை எடுத்ததும் அரசே விழுந்தது என்றால், அதுவரை தாங்கிப்பிடித்தது எது?

வியட்நாமிலும் இதே கதை. 1972-ல் வட வியட்நாம் டாங்கிகளோடு நேருக்கு நேர் வந்தது. ஆன் லோக் நகரை முற்றுகையிட்டது. பி-52 நொறுக்கித் தள்ளியது, நகரம் விழவில்லை. 1975-ல் அதே மாதிரி வந்தார்கள். மேலே அமெரிக்க விமானம் இல்லை. சைகோன் விழுந்தது. சிரியாவின் கொபானியும் அப்படித்தான். 2014 இறுதியில் ஐஎஸ் (இஸ்லாமிய அரசு) அமைப்பு நகரின் பெரும்பகுதியைப் பிடித்துவிட்டது. குர்துகள் சில தெருக்களுக்குள் முடங்கினார்கள். விமானங்கள் வந்தன, 2015 ஜனவரியில் நகரம் மீண்டது.

என் வாதம் இதுதான், சுருக்கமாகவே சொல்கிறேன். கெரில்லா கெரில்லாவாகவே இருக்கும்வரை விமானத்தால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. அவன் வளர்ந்து ஊரைப் பிடிக்க, கூட்டமாக, வண்டியோடு வருவான். அந்தக் கணத்தில் விமானம் அவனைத் திரும்பச் சின்னவனாக்கும். வன்னிக்காடு தம்பி சொன்ன "சேரவிடாமல் செய்தது" இதுதான்.

பருந்துப்பார்வை எழுதியது:

> அவன் வளர்ந்து ஊரைப் பிடிக்க, கூட்டமாக, வண்டியோடு வருவான்.

இது நல்ல வாதம், ஒத்துக்கொள்கிறேன். ஆரம்பத்தில் நான் போட்ட கேள்வி கொஞ்சம் முரட்டுத்தனமானதுதான்.

ஆனால் அது முழுதாக நிற்காது. சிரியாவைப் பாருங்கள். 2015 செப்டம்பர் 30-ல் ரஷ்ய விமானங்கள் இறங்கின. 2016 டிசம்பரில் அலெப்போ அரசின் கைக்கு வந்தது. எல்லோரும் "பாருங்கள், வான்படையின் பலத்தை" என்றார்கள். 2024 நவம்பர் 27-ல் கிளர்ச்சிக்காரர்கள் இட்லிபிலிருந்து கிளம்பினார்கள். கூட்டமாக, வண்டியோடு, நெடுஞ்சாலையில், நீங்கள் கேட்ட அதே மாதிரி. ரஷ்ய விமானங்கள் அப்போதும் சிரியாவிலிருந்த தங்கள் ஹ்மெய்மிம் தளத்தில்தான் இருந்தன, உக்ரைன் போரால் எண்ணிக்கை குறைந்திருந்தாலும் குண்டும் போட்டன. டிசம்பர் 8-ல் டமாஸ்கஸ் விழுந்தது. 12 நாள்!

2016-ல் கீழே ஹிஸ்புல்லாவும் ஈரான் ஆதரவுப் படைகளும் தெருத்தெருவாகச் சண்டை போட்டன. 2024-ல் கீழே இருந்தது சம்பளம் ஒழுங்காகக் கிடைக்காத, சீருடையைக் கழற்றிச் சாலையோரம் போட்டுவிட்டுப் போன ராணுவம். குண்டு போட்ட அடுத்த நாள் காலையில் அந்த இடத்தில் யார் நிற்கிறார்கள் என்பதுதான் கேள்வி. நிற்க ஆள் இல்லையென்றால் எந்தக் குண்டும் வீண்.

மலைப்பாதை எழுதியது:

இந்தியாவை யாரும் தொடவில்லையே, நான் தொடுகிறேன்.

1966 பிப்ரவரி 28-ல் மிசோ தேசிய முன்னணி எழுச்சி. அய்சாலில் அசாம் ரைஃபிள்ஸ் முகாம் முற்றுகையில் சிக்கியது. ஹெலிகாப்டரில் ஆளை இறக்கப் பார்த்தார்கள், சூடு விழுந்ததால் முடியவில்லை. மார்ச் 5-ல் ஹண்டர், தூஃபானி விமானங்கள் அய்சால் மேல் வந்தன. சொந்த நாட்டு ஊர் மேல் இந்திய விமானப்படை குண்டு போட்டது அந்த ஒரு முறைதான். முற்றுகை விலகியது, தரைப்படை உள்ளே வந்தது. ராணுவக் கணக்கில் வெற்றி என்று எழுதலாம்.

அடுத்து 20 வருடம் சண்டை ஓடியது. ஊர்களைப் பெயர்த்து ஓரிடத்தில் கூட்டி வைக்கும் திட்டம் (மலாயாவில் கற்ற பாடம்தான்) வந்தது. முடிவில் 1986 ஜூன் 30-ல் ஒப்பந்தம். யார் தலைமையை நோக்கி 1966-ல் குண்டு போட்டார்களோ, அந்த லால்டெங்காவே முதலமைச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார். மிசோரமில் இன்றைக்கும் மார்ச் 5 மறக்கப்படாத தேதி.

2010 ஏப்ரலில் தண்டேவாடாவில் 76 பேரை மாவோயிஸ்டுகள் கொன்றபோது, "விமானப்படையை அனுப்பு" என்று தொலைக்காட்சியில் நாள் பூராவும் கத்தினார்கள். அரசு குண்டுவீச்சுக்குப் போகவில்லை. காயம்பட்டவரைத் தூக்க, வீரரை இறக்க, வேவு பார்க்க என்று நிறுத்திக்கொண்டார்கள். சாலை, முகாம், செல்போன் கோபுரம், உள்ளூர் ஆட்களையே சேர்த்த காவல் படை என்று மெதுவாக நெருக்கினார்கள். அதில் நடந்த அத்துமீறல்கள் தனிக்கதை, அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் குண்டு போடாததால் தோற்றுப்போனார்கள் என்று இன்று எவரும் சொல்ல முடியாது.

ரேடார்67 எழுதியது:

மிசோரம் உதாரணம் இரண்டு பக்கமும் வெட்டும். முகாம் அன்று விழுந்திருந்தால் 1986-ல் பேச்சுவார்த்தை நடந்திருக்குமா, அல்லது வேறு ஏதாவது நடந்திருக்குமா? முற்றுகையை உடைப்பதுதான் விமானத்தின் வேலை. 20 வருட அரசியலை அதன் தலையில் கட்டாதீர்கள்.

அப்புறம், துல்லியத் தாக்குதலைப் பற்றி யாரும் பேசவே இல்லை. ஊரை அழிக்காமல் தலைவரை மட்டும் எடுப்பது.

ஓலைச்சுவடி எழுதியது:

தலைவரை எடுப்பதா? பாகிஸ்தான் தாலிபானை வரிசையாகச் சொல்லவா? பைத்துல்லா மெஹ்சூத், 2009 ஆகஸ்டில் மாமனார் வீட்டு மொட்டைமாடியில் இருந்தபோது ட்ரோன் தாக்குதல். அடுத்து வந்த ஹக்கிமுல்லா 2013 நவம்பர் 1-ல் ட்ரோன். அடுத்து ஃபஸ்லுல்லா. பெஷாவர் பள்ளிப் படுகொலை நடந்தது இவர் காலத்தில்தான். 2018 ஜூனில் ட்ரோன். அடுத்து நூர் வலி மெஹ்சூத். இவர் காலத்தில் சிதறிக் கிடந்த பிரிவுகள் திரும்பச் சேர்ந்து, அமைப்பு முன்னைவிடத் தெம்பாக நிற்கிறது.

ஈராக் அல்-கொய்தா தலைவர் ஸர்காவியும் அப்படியே. 2006 ஜூன் 7-ல் எஃப்-16 இரண்டு 500 பவுண்டு குண்டு போட்டது. எட்டு வருடத்தில் அவருடைய அமைப்பின் வாரிசான ஐஎஸ் ஈராக்கின் மோசுல் நகரைப் பிடித்தது.

நாற்காலி காலியானால் கீழே இருப்பவனுக்குப் பதவி உயர்வு. பெரும்பாலும் இளையவன், நிரூபிக்க வேண்டிய அவசரத்தில் இருப்பவன்.

வன்னிக்காடு எழுதியது:

துல்லியம் பற்றி ஒன்று. குண்டு துல்லியமாக விழும். சொன்ன தகவல் துல்லியமா என்பதுதான் சிக்கல். வேண்டாதவன் வீட்டைக் கைகாட்டிவிடும் ஆட்கள் எல்லா ஊரிலும் இருப்பார்கள்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

அதற்கு மேற்கு மோசுல் நல்ல சாட்சி. 2017 மார்ச் 17, அல்-ஜதீதா பகுதி. ஒரு வீட்டு மாடியில் இரண்டு ஸ்னைப்பர்கள். கீழே ஈராக்கியப் படை நகர முடியாமல் நின்று விமானத்தைக் கேட்டது. ஒரே ஒரு 500 பவுண்டு குண்டு, குறி வைத்த மாடியிலேயே விழுந்தது. அந்த வீட்டுக்குள் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் அடைக்கலம் புகுந்திருந்தன. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். ஐஎஸ் உள்ளே வெடிமருந்து வைத்திருந்ததால்தான் கட்டடம் சரிந்தது என்றது அமெரிக்க விசாரணை. ஊர்க்காரர்கள் அப்படி எதையும் பார்க்கவில்லை என்றார்கள்.

யார் சொல்வது சரி என்றாலும், குண்டு தவறவில்லை என்பதைக் கவனியுங்கள். கூரைக்குக் கீழே யார் என்று மேலிருந்த கேமராவுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். வியட்நாம் போரில், வட வியட்நாம் சரக்கு அனுப்பிய ஹோ சி மின் பாதை நெடுக மண்ணுக்குள் அதிர்வுக் கருவிகளைப் போட்டு, தாய்லாந்தில் கணினி வைத்து லாரிகளை எண்ணினார்கள். அழித்ததாகச் சொன்ன லாரிக் கணக்கு ஏறிக்கொண்டே போய், சிஐஏவே பெரும்பகுதியை வெட்டிவிட்டுத்தான் படித்தது. கருவி மாறுகிறது, மேலிருந்து எண்ணுகிறவரின் நம்பிக்கை மட்டும் மாறுவதில்லை.

சும்மாஒருத்தன் எழுதியது:

இப்போது கிளர்ச்சிக்காரனிடமும் விமானம் இருக்கிறதே! மோசுலில் ஐஎஸ் கல்யாண வீடியோ எடுக்கிற ட்ரோனில் கையெறி குண்டைக் கட்டிப் போட்டது. பழைய கணக்கெல்லாம் செல்லுமா?

மலைப்பாதை எழுதியது:

சும்மா சொல்லவில்லை இவர். மியான்மரில் அதுதான் நடந்தது.

ராணுவத்திடம் ஜெட், ஹெலிகாப்டர் எல்லாம் உண்டு, எதிரில் ஒன்றும் கிடையாது. 2023 ஏப்ரல் 11-ல் சகாய்ங் பகுதியில் பஸிக்யி கிராமத்தில் ஒரு அலுவலகத் திறப்புக்குக் கூடிய கூட்டத்தின் மேல் குண்டு. 150-க்கும் மேற்பட்டோர் போனார்கள். அதே வருடம் அக்டோபர் 27-ல் மூன்று இனக்குழுப் படைகள் சேர்ந்து கிளம்பின. கடையில் வாங்கிய ட்ரோன்களால் மலை உச்சிக் காவலரண்களை ஒவ்வொன்றாகத் தட்டின. 2024 ஆகஸ்டில் லாஷியோவில் இருந்த ராணுவத்தின் வடகிழக்குத் தலைமையகமே போனது. ஜெட் விமானங்களால் அதைக் காப்பாற்ற முடியவில்லை.

2025 ஏப்ரலில் அதே லாஷியோ ராணுவத்துக்குத் திரும்பக் கிடைத்தது. எப்படி? சீனா எல்லையை மூடி, நெருக்கி, பேசவைத்து வாங்கிக் கொடுத்தது. போர் விமானம் செய்யாததை வணிக வாசல் செய்தது.

ரேடார்67 எழுதியது:

லாஷியோவை விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் பிடித்த ஊர்களை அவர்களால் நிம்மதியாக ஆள முடிந்ததா? மருத்துவமனை, பள்ளி, சந்தை என்று மேலிருந்து அடித்துக்கொண்டே இருந்தார்கள். அது அயோக்கியத்தனம், சந்தேகமே இல்லை. ஆனால் பலன் இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆளத் தெரிந்தவர்கள் என்று மக்களிடம் பெயர் வாங்கவிடாமல் செய்வதும் ஒரு ராணுவ நோக்கம்தான். நமக்குப் பிடிக்காததாலேயே ஒன்று பயனற்றது ஆகிவிடாது.

பருந்துப்பார்வை எழுதியது:

இந்த இழையிலேயே சங்கடமான பதிவு இதுதான், பதில் சொல்லவும் கஷ்டம். வன்னிக்காடு, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? அடி தாங்காமல் மக்கள் "இவர்கள் போனால் போதும்" என்று நினைப்பது உண்டா?

வன்னிக்காடு எழுதியது:

உண்டு. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் குண்டு விழுந்தால் விமானத்தைத் திட்டுவோம். கடைசிக் காலத்தில், வீட்டுக்குப் பக்கத்தில் முகாம் போட வந்தால் கிழவிகள் வாசலில் நின்று மறித்தார்கள். "நீங்கள் இருந்தால் அவன் வருவான், தள்ளிப் போங்கோ" என்று. அது அவன் பக்கம் போனதாகாது. இரண்டு பேரும் தள்ளிப் போனால் காணும் என்ற நிலைமை.

ரேடார் அண்ணா அதைப் பலன் என்று எழுதிக்கொள்ளலாம். ஆனால் 2009-ல் முடிந்தது விமானத்தால் என்று மட்டும் எழுதாதீர்கள். ஆயுதம் ஏற்றி வந்த கப்பல்களைக் கடலில் தாழ்த்தினார்கள், தரையால் பல முனையில் பெருமளவில் ஆள் வந்தது, உள்ளேயே பிளவு வந்தது. கிபிர் 1996-லிருந்தே எங்கள் தலைக்கு மேலால் பறந்துகொண்டிருந்தது. விமானத்தால் முடிவதென்றால் 1996-லேயே முடிந்திருக்கும்.

ரேடார்67 எழுதியது:

சரி தம்பி. அந்தக் கடைசி வரிக்கு என்னிடம் பதில் இல்லை.

ஏமனைப் பற்றித் தனியாக எழுதலாம் என்று இருந்தேன். 2025 மார்ச் 15 முதல் மே 6 வரை ஹூதி கிளர்ச்சியாளர்கள் மேல் அமெரிக்கா தினமும் போட்டது. அமெரிக்கக் கப்பலைத் தொடமாட்டோம் என்று ஹூதிகள் ஒத்துக்கொண்டார்கள், குண்டுவீச்சு நின்றது. அதை வெற்றி என்று காட்டி ஒரு பதிவு தயார் செய்து வைத்திருந்தேன்.

ஓலைச்சுவடி எழுதியது:

போடுங்கள், காத்திருக்கிறோம். ஆனால் அதே வருடம் ஜூலையில் செங்கடலில் அடுத்தடுத்து மூழ்கடிக்கப்பட்ட இரண்டு சரக்குக் கப்பல்களையும் அதில் சேர்த்துவிடுங்கள். அவை அமெரிக்கக் கப்பல்கள் அல்ல என்பது உண்மைதான்.

ரேடார்67 எழுதியது:

அதனால்தான் இன்னும் போடவில்லை ஐயா.